அந்தப் படிவம் எங்களுக்கும் ஒன்று வேண்டும்

பள்ளி திறக்கும் தேதியை முடிவு செய்கிற பெரியவர்களுக்கு,

வணக்கம். வட சென்னையில் அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் 22 ஆண்டுகளாக அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். கொரோனாவால் இந்த மாதம் மறுபடியும் மூடிய பள்ளிகளைத் திறக்கச் சொல்லி வியாழக்கிழமை உங்கள் அறிவிப்பு வந்தது. 2022 பிப்ரவரி 1, செவ்வாய்க்கிழமை, ஒன்றாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை எல்லாப் பிள்ளைகளும் ஒரே நாளில் வரப்போகிறார்கள். நடுவில் எங்களுக்குக் கிடைத்தது நான்கு நாள், அதில் ஒன்று ஞாயிறு. இன்று சனிக்கிழமை. காலையிலிருந்து பெஞ்சு துடைத்த கையோடு உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

பள்ளியைத் திறக்காதீர்கள் என்று கேட்க நான் வரவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஆசிரியர்கள் வாய் திறந்தாலே, "வீட்டில் உட்கார்ந்து சம்பளம் வாங்கிப் பழகிவிட்டார்கள்" என்று பேச்சு வந்துவிடுகிறது. எங்கள் தெருவிலேயே கேட்டிருக்கிறேன். பள்ளி மூடிக் கிடந்தால் என்ன ஆகும் என்று எங்களைவிட அருகில் இருந்து பார்த்தவர்கள் யார்?

2020 ஆகஸ்டில் ஒரு நாள் எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் கேன் போட ஒரு பையன் வந்தான். தோளில் கேனோடு மூன்று மாடி ஏறி வந்து, கேனை இறக்கி வைத்து நிமிர்ந்த பிறகுதான் என்னைப் பார்த்தான். தாடையில் கிடந்த முகக்கவசத்தை அவசரமாக மேலே இழுத்துக்கொண்டான். என் ஒன்பதாம் வகுப்பு மாணவன். அந்த வருடம் பத்தாவதில் உட்கார்ந்திருக்க வேண்டியவன். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் அப்பாவுக்கு வேலை சரியாக இல்லை. வீட்டில் இருந்த ஒரே போனும் அவரோடு போய்விடும். அப்புறம் ஆன்லைன் வகுப்பை எதில் பார்ப்பது? காலி கேனை எடுத்துக்கொண்டு இறங்கும்போது கேட்டான், "மிஸ், ஸ்கூல் எப்ப தொறப்பாங்க?" எனக்குத் தெரியாது என்று சொன்னேன். உண்மையாகவே தெரியாது. இரண்டு வருடமாகப் பெற்றோர், பிள்ளைகள், ஆட்டோக்காரர் என்று யார் கேட்டாலும் அதே பதில்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தேதியை நாங்களும் தொலைக்காட்சியில் கீழே ஓடும் வரியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறோம்.

என் வருத்தம் அதில்தான் தொடங்குகிறது. 2020 நவம்பர் 16 அன்று ஒன்பது முதல் பன்னிரண்டு வரை திறப்பு என்று சொன்னீர்கள். 9-ஆம் தேதி பெற்றோரைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்கச் சொன்னீர்கள். படிவத்தை நகல் எடுத்தோம், வரிசையில் இடைவெளி விட்டுப் பெற்றோரை நிறுத்தினோம், எழுதத் தெரியாத அம்மாக்களுக்கு நாங்களே எழுதிக்கொடுத்துக் கைநாட்டு வாங்கினோம். 12-ஆம் தேதி திறப்பு தள்ளிப்போனது. அது சரியான முடிவாகவே இருக்கட்டும். 2021 ஜனவரி 6 முதல் 8 வரை மறுபடியும் கருத்துக் கேட்பு, மறுபடியும் படிவம். பெற்றோரைக் கேட்டது நியாயம்தான். பிள்ளையை அனுப்புகிறவர்கள் அவர்கள்.

ஆனால் பிள்ளையை வாங்கிக்கொள்கிற எங்களுக்கு ஒரு படிவம் வரவில்லை. எத்தனை வகுப்பறை இருக்கிறது, எத்தனை ஜன்னல் திறக்கும், தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், எத்தனை பேர் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறோம் என்று யாரும் எங்களிடம் கேட்கவில்லை. அந்த இரண்டு முறையும் வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை. இந்த மடலில் மற்றதெல்லாம் இந்த ஒன்றிலிருந்து வந்த வேதனைதான்.

கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்போம்? ஒன்றிரண்டைச் சொல்கிறேன்.

2021 ஜனவரி 19, பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் பள்ளி திறந்த முதல் நாள். வாசலில் காய்ச்சல் பார்க்கும் கருவியோடு நானும் உடற்கல்வி ஆசிரியரும் நின்றோம். அதைப் பிடிக்க யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. ஏழரை மணிக்கு வந்த பிள்ளைகளின் நெற்றியில் வைத்தால் எண்ணே காட்டாமல் விட்டது. எட்டரைக்கு மேல் பேருந்து நிறுத்தத்திலிருந்து வெயிலில் நடந்து வந்த பிள்ளைகளுக்கு 100-க்கு மேல் காட்டியது. காய்ச்சல் என்றால் வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்பது உத்தரவு. ஒரு பெண் அழவே ஆரம்பித்துவிட்டாள். பத்து மாதம் கழித்துப் பள்ளிக்கு வந்திருக்கிறாள், வாசலோடு திருப்பி அனுப்புகிறார்கள் என்றால் எப்படி இருக்கும்? அவளை வேப்பமர நிழலில் பத்து நிமிடம் உட்கார வைத்து, தண்ணீர் குடிக்கச் சொல்லி, மறுபடி பார்த்தோம். 97.8. அதற்குப் பிறகு எல்லோரையும் நிழலில் உட்கார வைத்தே பார்த்தோம். இது எந்த உத்தரவிலும் இல்லை, நாங்கள் நின்று பார்த்துக் கற்றுக்கொண்டது. கேட்டிருந்தால் ஊரில் உள்ள எல்லாப் பள்ளிக்கும் ஒரே வரியில் போயிருக்கும்.

அடுத்து வகுப்பறைக் கணக்கு. அப்போது ஒரு அறைக்கு 25 பேர், நடுவில் மூடி செப்டம்பர் 1 அன்று மறுபடி திறந்தபோது 20 பேர். பத்தாம் வகுப்பில் எங்களிடம் 100 பேர் இருந்தார்கள், இரண்டு பிரிவாக, இரண்டு அறையில். 20 பேர் வீதம் என்றால் ஐந்து அறை. அறையைக்கூட எப்படியோ ஒதுக்கிவிடலாம், நூலகத்தையும் ஆய்வகத்தையும் திறந்துவிட்டோம். ஆனால் ஐந்து அறைக்கு ஐந்து அறிவியல் ஆசிரியர் எங்கே போவது? ஒரே பாடத்தை ஐந்து முறை நடத்தினேன். முகக்கவசம் போட்டுக்கொண்டு கடைசிப் பெஞ்சுக்குக் கேட்கும்படி ஐந்து முறை கத்திப் பாருங்கள், மதியத்துக்குள் தொண்டை கட்டிவிடும். தொண்டை கட்டினால் கொரோனாவோ என்று ஒரு பயம். மாலையில் வராத பிள்ளைகளுக்கு வாட்ஸ்அப்பில் பாடம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. 20 பேர் என்று விதி போட்டபோது, அதை நடத்த எத்தனை ஆள் வேண்டும் என்று கேட்டிருக்கலாமே என்றுதான் சொல்கிறேன்.

நவம்பர் 1 அன்று சின்னப் பிள்ளைகள் வந்தார்கள். முதல் வகுப்புப் பிள்ளை மட்டுமல்ல, இரண்டாம் வகுப்புப் பிள்ளையும் வகுப்பறை என்பதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தது. தொடக்க வகுப்பு எடுக்கும் என் தோழி சொன்னாள்: ஒரு பையன் அம்மாவின் துப்பட்டா நுனியை விடவே இல்லை. அம்மா போன பிறகு அதே பிடியில் இவள் சேலையைப் பிடித்துக்கொண்டானாம். மூக்கு ஒழுகுகிறது, முகக்கவசம் நனைந்து கழுத்தில் தொங்குகிறது. இடைவெளி விட்டு நில் என்று அந்தப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? தூக்கித்தான் வைத்துக்கொண்டாள். அவள் வீட்டில் 80 வயது மாமியார் இருக்கிறார்.

அதே வாரத்தில் தீபாவளி, அதைத் தொட்டு மழை. ஒரே இரவில் நகரில் 20 செ.மீ.க்கு மேல் கொட்டியது. பள்ளி மூடித் திறந்தபோது, காற்றோட்டத்துக்கு ஜன்னலைத் திறந்து வை என்பது உங்கள் விதி, திறந்தால் சாரல் உள்ளே வந்து பிள்ளைகள் நனைகிறார்கள். பாதித் திறந்து வைத்தோம். சென்னையில் நவம்பர் என்றால் மழை என்பது இங்கே பிறந்த எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் பள்ளி ஆயாம்மாவைப் பற்றி உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். 58 வயது, சர்க்கரை இருக்கிறது. பெற்றோர் ஆசிரியர் கழகப் பணத்தில் மாதம் ஒரு சிறு தொகை. பள்ளி மூடியபோது கழகத்துக்குப் பணம் வரவில்லை, அவர் சம்பளமும் நின்றது. நாங்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக்கொடுத்தோம். மேசை, பெஞ்சு, கதவுக் கைப்பிடி, மாடிப்படிக் கம்பி, கழிப்பறை என்று கிருமிநாசினி தெளித்துத் துடைக்க வேண்டியவற்றின் பட்டியல் வந்தது. அதைச் செய்யப்போகிற ஆள் அவர் ஒருவர்தான். ஒரு நாள் ப்ளீச்சிங் பவுடர் கரைத்துவிட்டு வந்தவரின் விரல் இடுக்கெல்லாம் தோல் உரிந்திருந்தது. கையுறை எங்கே என்று கேட்டேன். "முதல் வாரம் குடுத்தாங்கம்மா, கிழிஞ்சிடுச்சு" என்றார். கையுறை வாங்கித்தந்தோம், அது பெரிய விஷயமில்லை. ஆனால் சுத்தம் பற்றி இத்தனை வரி எழுதிய உத்தரவில், சுத்தம் செய்கிறவருக்குச் சம்பளம் எங்கிருந்து வரும் என்று ஒரு வரி இல்லை.

அலுவலக எழுத்தர் நிலையும் அப்படித்தான். எமிஸ் என்கிற பள்ளிக் கல்வித் துறை இணையதளத்தில் தினமும் ஏற்ற வேண்டிய விவரம்: எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேருக்குக் காய்ச்சல், யாருக்குத் தடுப்பூசி முதல் தவணை, யாருக்கு இரண்டாம் தவணை. தளம் திறக்காது. அது வேலை செய்யும் நேரம் பார்த்து இரவு பதினொரு மணிக்கு வீட்டிலிருந்து ஏற்றுவார்.

தடுப்பூசி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 2021 ஜனவரியிலிருந்தே நாங்கள் வகுப்பில் நின்றோம். அப்போது முன்களப் பணியாளர் கணக்கில் நாங்கள் இல்லை. சட்டமன்றத் தேர்தல் வந்ததும், வாக்குச்சாவடிக்குப் போகிறவர்கள் என்ற முறையில் எங்களில் பலருக்கு ஊசி கிடைத்தது. அதே ஆட்கள், அதே கட்டிடம், வகுப்பறைதான் வாக்குச்சாவடி. தேர்தல் பணி இல்லாத ஆயாம்மாவும் காவலாளியும் தங்கள் வயதுக்கான முறை வரும்வரை காத்திருந்தார்கள். ஓய்வு பெறும் வயது 2020-இல் 59 ஆனது, அடுத்த ஆண்டு 60 ஆனது. அந்த வருடங்களில் ஓய்வு பெற்று வீட்டில் இருந்திருக்க வேண்டிய மூத்த ஆசிரியர்கள் வகுப்பில் இருந்தார்கள். இந்த நோய் யாரை அதிகம் பாதிக்கிறது என்பது அப்போது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

எங்கள் கணக்கு ஆசிரியருக்கு 58 முடிந்திருந்தது. 2021 மே மாதம் இறந்துபோனார். எங்கே தொற்றியது என்று யாருக்கும் தெரியாது. ஏப்ரல் வரை பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் வந்துகொண்டிருந்தார்கள், தேர்தல் பணிக்கும் போனார், தினமும் காய்கறிக் கடைக்கும் போவார். யார் மேலும் பழி போடவில்லை. ஆனால் செப்டம்பரில் நாங்கள் திரும்பி வந்தபோது ஆசிரியர் அறையில் அவருடைய இழுப்பறை பூட்டியபடி இருந்தது. சாவி அவரிடம்தான் இருந்திருக்கும். நவம்பரில் அவர் மகள் வந்து திறந்தார். உள்ளே ஒரு பெரிய மரக் கவராயம், டப்பா நிறையச் சுண்ணக்கட்டி, பாதித் திருத்திய விடைத்தாள் கட்டு. அந்தக் கட்டில் இருந்த பிள்ளைகள் எல்லோரும் அதற்குள் தேர்ச்சி பெற்றுப் போய்விட்டார்கள். மகள் கவராயத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்.

இப்போது செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். ஒன்பதாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளில் பெரும்பாலோர் 15 வயது ஆகாதவர்கள். அவர்களுக்கு இன்னும் ஊசி இல்லை. ஜனவரியில் தள்ளிப்போன திருப்புதல் தேர்வு இருக்கிறது. பிப்ரவரி 19 அன்று நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல்; அதற்கான பயிற்சி வகுப்பு, பணி ஆணை, முந்தைய நாளே அறைகளைக் காலி செய்துகொடுக்கும் வேலை. எல்லாம் இதே ஆட்கள் மேல். செய்துவிடுவோம். செய்யாமல் ஒரு நாளும் இருந்ததில்லை.

எனக்கு வேண்டியதும் அதிகமில்லை. அடுத்த முறை திறப்பதோ மூடுவதோ, பத்து நாள் முன்னால் சொல்லுங்கள். தொற்று திடீரென ஏறி உடனே மூட வேண்டி வந்தால் புரிந்துகொள்வோம், திறப்பதற்கு அந்த அவசரம் கிடையாது. வகுப்பில் நின்று தொற்று வாங்கிய ஊழியர், சொந்த விடுப்பைக் கழித்துக்கொண்டு வீட்டில் படுக்கும் நிலை வேண்டாம். ஆயாம்மாவின் சம்பளம் கழகத்தின் உண்டியலை நம்பி இருக்க வேண்டாம். முக்கியமாக, பெற்றோருக்கு அனுப்பிய அந்தப் படிவத்தை எங்களுக்கும் ஒன்று அனுப்புங்கள். ஆசிரியருக்கு மட்டும் போதாது. எழுத்தர், காவலாளி, சத்துணவுக்கூடத்தில் சமைக்கிறவர்கள், ஆயாம்மா, எல்லோருக்கும். ஆயாம்மாவுக்கு எழுத வராது, நான் பக்கத்தில் உட்கார்ந்து எழுதித்தருகிறேன். பெற்றோருக்கு எழுதித்தந்து பழக்கம்தான்.

நாளை ஞாயிறு என்றாலும் பள்ளியில்தான் இருப்போம், தண்ணீர்த் தொட்டி கழுவ வேண்டும். காலையில் அனுப்பினால் மாலைக்குள் நிரப்பித் தந்துவிடுவோம்.

இப்படிக்கு,
வட சென்னையிலிருந்து ஓர் ஆசிரியை
29.01.2022