‘ஸ்பீச்’ நம்முடைய ‘பேச்சில்’ இருந்து வந்ததல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பத்திரிகையின் மாணவர் பக்கத்தில் சென்ற வாரம் பேச்சோடு தொடர்புடைய ஆங்கிலச் சொற்களின் பட்டியல் ஒன்று வந்திருந்தது. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு உதவும் முயற்சி. அதற்கு முதலில் நன்றி. ஆனால் பட்டியலின் கீழே பெட்டி கட்டி, தடித்த எழுத்தில், தமிழின் ‘பேச்சு’ என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு ‘ஸ்’ சேர்ந்துதான் ஆங்கிலத்தின் ‘ஸ்பீச்’ உண்டானது என்று போட்டிருந்தீர்கள். அது சரியல்ல. வட்ஸ்அப்பில் இந்தச் செய்தி நெடுங்காலமாகச் சுற்றுகிறது. அங்கே சுற்றும்வரை வாசித்துவிட்டு விட்டுவிடலாம். பத்திரிகையில் அச்சாகிப் பிள்ளைகளின் கொப்பியில் ஏறிவிட்டால் அது பாடமாகிவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் நீதிமன்றங்களில் உரைபெயர்ப்பாளராக வேலை செய்து ஓய்வு பெற்றவன். இப்போது உவர்மலையில் வீட்டு விறாந்தையில் பின்னேரங்களில் அயல் பிள்ளைகள் சிலருக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். உங்கள் பக்கத்தை வெட்டிக் கொப்பியில் ஒட்டிக்கொண்டு வந்ததும் அவர்கள்தான்.

‘ஸ்பீச்’ என்ற சொல்லைப் பழைய ஆங்கிலத்தில் தேடிப் பார்த்தால் அதில் ஒரு ரகரம் இருக்கிறது. ‘ஸ்ப்ரேச்’ என்பதுபோல ஒலித்த சொல் அது. ஆங்கிலத்தின் உறவு மொழியான ஜெர்மனில் இன்றைக்கும் மொழிக்கு ‘ஸ்ப்ராக’, பேசுவதற்கு ‘ஸ்ப்ரெகன்’. டச்சுக்காரரிடமும் ரகரம் அப்படியே இருக்கிறது. ஆங்கிலத்தில் மட்டும் ரகரம் உள்ள வடிவம் பன்னிரண்டாம் நூற்றாண்டளவில் வழக்கொழிந்தது. ஆக, பின்னோக்கிப் போகப் போக அந்தச் சொல் நம் ‘பேச்சை’ விட்டு விலகித்தான் போகிறது. ஒன்றிலிருந்து மற்றது பிறந்திருந்தால் பழைய வடிவங்கள் நெருங்கி வர வேண்டும்.

கடைசியில் வரும் ‘ச்’ ஒலியைப் பார்த்துத்தான் பலரும் ஏமாறுகிறார்கள். தமிழில் பேசு பேச்சு ஆவது நம்முடைய சொந்த முறை. வீசு வீச்சு ஆகும், பூசு பூச்சு ஆகும், ஏசு ஏச்சு ஆகும். ஆங்கிலத்தில் ‘ஸ்பீக்’ ‘ஸ்பீச்’ ஆவது அவர்களுடைய சொந்த முறை. அடுப்பில் சுடுவதைக் குறிக்கும் ‘பேக்’ ‘பேட்ச்’ ஆகும், விழித்திருப்பதைக் குறிக்கும் ‘வேக்’ ‘வாட்ச்’ ஆகும். அங்கே ககரம் திரிந்து சகரம் ஆகியிருக்கிறது. இங்கே சகரம் இரட்டித்திருக்கிறது. இரண்டு வீட்டிலும் வெவ்வேறு வழியாக வந்து முடிவு மட்டும் ஒன்றுபோல் ஒலிக்கிறது, அவ்வளவுதான்.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்கள் இல்லாமலில்லை. கட்டுமரம் ‘கட்டமரான்’ ஆனது, சுருட்டு ‘செரூட்’ ஆனது, மிளகுதண்ணீர் ‘மல்லிகடானி’ ஆகி வெள்ளைக்காரரின் சூப்புக் கிண்ணத்துக்குப் போனது. இவை ஆங்கில அகராதிகளே ஒப்புக்கொண்டவை. இவ்வளவும் கையில் இருக்கும்போது இல்லாத உறவைச் சொன்னால், நாளைக்கு நம் பிள்ளை பல்கலைக்கழகத்தில் போய் உண்மையான உறவைச் சொன்னாலும் நம்பமாட்டார்கள். தமிழ் மீது எனக்கு உள்ள பற்று உங்கள் பெட்டிச் செய்தியை எழுதியவரின் பற்றுக்குக் குறைந்ததல்ல. அதனால்தான் மனம் வருந்துகிறது.

‘பேசு’ என்ற சொல்லைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் பகுதியில் ‘பேசினார்’ என்றால் ஏசினார் என்றுதான் பெரும்பாலும் பொருள். ஒரு வழக்கில் மூதூர்ப் பக்கத்திலிருந்து வந்த வயதான அம்மா ஒருவர் சாட்சிக் கூண்டில் நின்று, “வேலியடியில நிண்டு எனக்குப் பேசினவர்” என்றார். வேற்று ஊரிலிருந்து வந்த சட்டத்தரணி, பக்கத்து வீட்டுக்காரர் பேசுவதில் என்ன குற்றம் என்று கேட்டார். நான் ஆங்கிலத்தில் ‘ஸ்போக்’ என்று போடவில்லை. ஏசினார் என்ற பொருளில்தான் சொன்னேன். உடனே நீதவான், என்ன சொற்களால் என்று கேட்டார். அந்த அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் நின்றுவிட்டு, ஒவ்வொன்றாகச் சொன்னார். வழக்கே அந்தச் சொற்களைப் பற்றியதுதான். உங்கள் பட்டியலில் ‘ஸ்பீக்’ என்பதற்கு எதிரே ‘பேசு’ என்று மட்டும் இருக்கிறது. திருகோணமலைப் பிள்ளைக்கு அது போதாது.

நாங்கள் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை, கதைக்கிறோம். மட்டக்களப்புப் பக்கத்துப் பெரியவர்கள் பறைவது என்றும் சொல்வார்கள். இந்தக் ‘கதை’ என்ற சொல்லை வைத்தே, கதைப்பதற்கு ஆங்கிலத்தில் உள்ள ‘டோக்’ என்ற சொல்லைப் பிள்ளைகளுக்கு விளக்கலாம். கதை என்று பொருள்படும் ‘டேல்’, சொல் என்று பொருள்படும் ‘டெல்’, இரண்டும் ‘டோக்’கின் சொந்தக்காரர். இங்கே கதை என்ற பெயர்ச்சொல் கதைத்தல் ஆனதுபோலவே அங்கேயும் கதையும் கதைப்பதும் ஒரே குடும்பமாக இருக்கின்றன. இதை விறாந்தையில் சொன்ன அன்று பிள்ளைகளின் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தங்கள் வீட்டுப் பேச்சு கொச்சை என்று நினைத்திருந்தவர்கள் அவர்கள்.

‘டெல்’லின் பழைய பொருள் எண்ணுதல். வங்கியில் காசு எண்ணித் தருபவரை ‘டெல்லர்’ என்பது அதனால்தான். நடந்ததை ஒன்று, இரண்டு என்று எண்ணி வரிசையாகச் சொல்வதிலிருந்து, ஒருவருக்குச் சொல்வது என்ற பொருள் வந்தது. ஆகவே ‘டெல்’ என்றால் கேட்பவர் ஒருவர் வேண்டும். அவரை அடுத்த சொல்லிலேயே சொல்லிவிட வேண்டும். ‘சே’ அப்படியல்ல, அது சொன்ன சொல்லோடு நிற்கும். நம் பிள்ளைகள் ‘ஹி செட் மீ’ என்றும் ‘ஹி டோல்ட் டு மீ’ என்றும் எழுதிப் புள்ளி இழக்கிறார்கள். ‘ஸ்பீக்’, ‘டோக்’, ‘டெல்’, ‘சே’ என்ற நான்கு சொல்லுக்கும் எதிரே ‘சொல், பேசு’ என்று போட்டால் இந்தப் பிழை தீராது. அவை எங்கிருந்து வந்தன என்று தெரிந்தால் தீரும்.

நீதிமன்றத்தோடு தொடர்புள்ள சொற்களையும் உங்கள் பட்டியலில் கண்டேன். அவை எனக்குச் சோறு போட்ட சொற்கள், ஆகவே சற்று நீளமாகச் சொல்ல அனுமதியுங்கள். ‘ஆன்சர்’ என்ற சொல்லை எழுதும்போது நடுவில் ஒரு ‘டபிள்யூ’ வருகிறது, வாசிக்கும்போது வருவதில்லை. ஏன் என்று எல்லாப் பிள்ளைகளும் கேட்பார்கள். சத்தியம் செய்வதற்கு ஆங்கிலத்தில் ‘ஸ்வெயர்’. அந்தச் சொல்லின் ‘டபிள்யூ’தான் இது. குற்றம் சாட்டப்பட்டவர் அதை எதிர்த்துச் சத்தியம் செய்து சொல்வதே ஆதியில் ‘ஆன்சர்’. எதிர் என்ற பொருளுடைய முன்னொட்டும் சத்தியமும் சேர்ந்த சொல் அது. இப்போது கணக்குக் கொப்பியில் போடும் விடைக்கும் அதுவே பெயர்.

ஜூரர்களின் தீர்ப்பான ‘வெர்டிக்ட்’ என்றால் உண்மையாகச் சொல்லப்பட்டது. ஜூரர்கள் சத்தியம் செய்து சொல்வதால் அந்தப் பெயர். ‘ஜூரி’ என்பதே சத்தியம் செய்தவர்கள் என்றுதான் பொருள். ‘வெர்டிக்ட்’டும், குற்றப்பத்திரம் தாக்கல் செய்வதைக் குறிக்கும் சொல்லும் பிரெஞ்சு வழியாக வந்தபோது இரண்டிலும் ‘சி’ என்ற எழுத்து இல்லை. பின்னால் வந்த படித்தவர்கள் இலத்தீனைப் பார்த்து இரண்டிலும் ‘சி’யைச் செருகினார்கள். ‘வெர்டிக்ட்’டில் அது வாய்க்கும் வந்துவிட்டது. மற்றதில் எழுத்தோடு நின்றுவிட்டது. ஆகவே அதை ‘இன்டைட்’ என்றுதான் உச்சரிக்க வேண்டும். படித்தவர்களே ‘இன்டிக்ட்’ என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். உச்சரிப்பையும் தமிழ் எழுத்தில் போட்டால் பிள்ளைகளுக்குப் பெரும் உதவி.

‘வெர்டிக்ட்’டில் உள்ள அதே ‘டிக்’ தான் ‘டிக்டேஷன்’, ‘டிக்ஷனரி’, ‘கொன்ட்ராடிக்ட்’ எல்லாவற்றிலும் இருக்கிறது. இலத்தீனில் சொல்லுதல் என்று பொருள். அதற்கும் முந்திய மூலப்பொருள் சுட்டிக் காட்டுதல். அந்த மூலத்திலிருந்து சமஸ்கிருதத்தில் பிறந்ததுதான், நாம் வடக்கு கிழக்கு என்று சுட்டும் ‘திசை’. நம் ‘வாக்கு’ம் அப்படியே. அது சமஸ்கிருதம் வழியாக நமக்கு வந்தது. இலத்தீன் வழியாக ஆங்கிலத்துக்குப் போன ‘வாய்ஸ்’ அதன் உடன்பிறப்பு. உதவிக்கு அழைக்கப்பட்டவர் என்ற பொருளில் வரும் ‘அட்வகேட்’டுக்குள்ளும் அதே சொல் இருக்கிறது. வாக்குமூலம், வாக்குறுதி, வாக்களிப்பு என்று நாளெல்லாம் சொல்கிறோம். ‘ஸ்பீச்’சோடு இல்லாத உறவைத் தேடியவருக்கு இந்த உண்மையான உறவு கண்ணில் படவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

பேச்சுச் சொற்களில் எனக்கு மிகவும் பிடித்த குடும்பம் ஒன்று உண்டு. கணித பாடத்தில் பரவளைவு படிக்கிறார்களே, அதன் ஆங்கிலப் பெயர் ‘பரபோலா’. கிரேக்கத்தில் பக்கத்தில் வைப்பது, ஒப்பிடுவது என்று பொருள். அதுவே விவிலியத்தில் இயேசுநாதர் சொன்ன உவமைகளுக்கு ‘பரபிள்’ ஆனது. சாதாரண மக்களின் இலத்தீனில் பொதுவாகச் சொல், பேச்சு என்று விரிந்து, பிரெஞ்சில் பேசுவதற்கே ‘பார்லே’ ஆகிவிட்டது. அதிலிருந்து வந்தது ‘பார்லிமென்ட்’, பேசுகிற இடம். துறவிகளின் மடத்தில் வந்தவரோடு பேச அனுமதி உள்ள அறை ‘பார்லர்’. நம் நகரத்து வீதிகளில் பியூட்டி பார்லர்ப் பெயர்ப்பலகைகளில் இருப்பதும் அதுதான். தப்பி ஓடமாட்டேன் என்று கைதி கொடுக்கும் வாக்கு ‘பரோல்’. பாராளுமன்றத்தில் மிகக் குறைவாகப் பேசுகிற சபாநாயகருக்கு ‘ஸ்பீக்கர்’ என்று ஏன் பெயர் என்று ஒரு பிள்ளை கேட்டாள். நல்ல கேள்வி. சபையின் முடிவை அரசரிடம் போய்ச் சொல்பவர் என்பதால் வந்த பெயர். 1377இல் தோமஸ் ஹங்கர்ஃபோர்ட் என்பவர்தான் முதலில் அந்தப் பட்டத்தோடு குறிக்கப்பட்டவர்.

இதே குடும்பத்தின் இன்னொரு கிளை போர்த்துக்கேயரிடம் ‘பலாவ்ரா’ ஆனது. சொல் என்று பொருள். மேற்கு ஆபிரிக்கக் கரையில் போர்த்துக்கேய வணிகர் வாயிலிருந்து ஆங்கில மாலுமிகள் பிடித்துக்கொண்டு ‘பலாவர்’ என்றார்கள். இப்போது முடிவில்லாத வீண்பேச்சுக்கு அந்தப் பெயர். 1624இல் நம் திருகோணமலையின் சுவாமி மலையில் கோட்டை கட்டியவர்களின் மொழி அது. பாலையூற்றில் இன்றும் அவர்கள் வழிவந்த குடும்பங்கள் இருக்கின்றன. அலுமாரியும் சாவியும் மேசையும் அவர்கள் விட்டுப்போனவைதான். கோணேசர் கோயிலை இடித்தவர்கள் என்ற வேதனை நமக்கு உண்டு, ஆனால் சொற்களின் வரலாற்றில் அவர்களை விட்டுவிட முடியாது.

என் தொழிலுக்கும் ஒரு சொல் உண்டு: துபாசி. இரண்டு பாஷை தெரிந்தவர். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸிடம் ஆனந்தரங்கம்பிள்ளை பார்த்த வேலை. ஆங்கில அகராதியில் அது ‘டுபாஷ்’ என்று இருக்கிறது. உங்கள் பட்டியலில் இல்லை, சேர்க்கலாம்.

‘நியூஸ்’ என்பதைப் பற்றியும் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். நான்கு திசைகளின் முதல் எழுத்துகள் சேர்ந்து உண்டானது என்று அடுத்த வாரம் யாராவது எழுதிக் கொடுக்கக்கூடும். அதுவும் கட்டுக்கதை. புதியது என்ற ‘நியூ’வின் பன்மைதான் ‘நியூஸ்’.

என் வேண்டுகோள் சிறியது. பட்டியலைப் பாதியாகக் குறையுங்கள். வாரம் ஒரு வேரை எடுத்து, அதன் குடும்பத்தை, உச்சரிப்போடு, நம் பேச்சுவழக்கில் நேர் பொருள் என்ன என்பதோடு போடுங்கள். பேசுதல் என்ற பொருளில் இலத்தீனில் ‘ஃபா’ என்று ஒரு வேர் இருக்கிறது, அதை எடுத்தாலே ஒரு பக்கம் நிறையும். இன்னும் பேசாதது என்பதால் குழந்தை ‘இன்ஃபன்ட்’, ஊர் பேசுவதால் புகழ் ‘ஃபேம்’, தெய்வம் சொன்னது என்பதால் விதி ‘ஃபேட்’. இந்த மூன்றையும் ஒரு பிள்ளைக்கு ஒருமுறை சொன்னால் போதும், பாடமாக்கத் தேவையில்லை.

‘ஸ்பீச்’ பற்றிய திருத்தத்தை மாணவர் பக்கத்திலேயே, அந்தப் பெட்டி இருந்த அதே இடத்தில், அதே அளவு எழுத்தில் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். வாசகர் கடிதப் பகுதியில் மட்டும் இது வந்தால் பெரியவர்கள் வாசிப்பார்கள். வெட்டி ஒட்டுகிற பிள்ளைகளின் கண்ணில் படாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்ற உரைபெயர்ப்பாளர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.