காங்லே பற்றி அப்பா எழுதுவது

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பிய ஆய்வுத் திட்டத்தை இரண்டு தடவை படித்தேன். உழைத்து எழுதியிருக்கிறாய். ஆனால் சீனாவின் குவாங்சோ நகரத்துக்குள் இருக்கிற பழைய கிராமங்களை இடித்து அடுக்குமாடி கட்டினால் தொழிலாளர் வாழ்க்கை உயரும் என்ற முடிவோடு தொடங்குகிறாய் பார், அங்கேதான் எனக்கு ஒப்பவில்லை.

நான் துணி எடுக்கிற சோங்தா சந்தையை ஒட்டித்தான் காங்லே இருக்கிறது. ஒரு காலத்தில் வயல் சூழ்ந்த கிராமம். நகரம் வளர்ந்தபோது அரசு வயலை எடுத்துக்கொண்டது, வீட்டுமனைகள் ஊர்க்காரர்களிடமே நின்றுவிட்டன. விவசாயம் போன பின் அவர்களுக்கு வாடகைதான் வருமானம். இருக்கிற மனையில் மேலே மேலே கட்டினார்கள். இந்த ஜன்னலிலிருந்து கை நீட்டி எதிர்வீட்டுக்காரர் கையைப் பிடிக்கலாம். 'கைகுலுக்கும் கட்டடம்' என்றே சீனர்கள் சொல்கிறார்கள். பகலிலும் விளக்குப் போட வேண்டும். வசதியான இடம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வெறுங்கையோடு வருகிறவனுக்கு இந்த நகரத்தில் கட்டுப்படியாகிற வாடகை அங்கேதான் கிடைக்கிறது.

காலையில் அந்தத் தெருவை நீ பார்க்க வேண்டும். பட்டறை முதலாளிகள் ஆளுக்கொரு சாம்பிள் உடுப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையாக நிற்பார்கள், ஓர் உடுப்புக்கு இவ்வளவு கூலி என்று பீஸ் ரேட்டை அட்டையில் எழுதி வைத்திருப்பார்கள். தையல்காரப் பெண் வருவாள், உடுப்பை உள்பக்கம் திருப்பிப் பார்ப்பாள், காலர் எத்தனை தையல், ஓரம் அடிக்கிற ஓவர்லாக் தையல் எங்கே என்று விரலால் தடவிக் கணக்குப் போடுவாள். கட்டாது என்றால் அடுத்தவரிடம் போய்விடுவாள். நம் திருப்பூரில் இத்தனை வருஷத்தில், தொழிலாளி முதலாளியை இப்படி நடுரோட்டில் நிற்க வைத்து நான் பார்த்ததில்லை.

அங்கே தைக்க வருகிறவர்களில் பெரும்பாலோர் ஹூபெய் மாகாணத்துக்காரர்கள். இங்கேதான் ஹுகோ வருகிறது, 1958இல் சட்டமான குடும்பப் பதிவு. ரேஷன் கார்டு சொந்த ஊரில் மாட்டிக்கொண்ட மாதிரி, பள்ளிக்கூடம் முதல் மருத்துவக் காப்பீடு வரை பல உரிமைகள் பதிவு இருக்கிற ஊரோடு கட்டுப்பட்டவை. 2020 கணக்கெடுப்பில் குவாங்சோவில் சுமார் 1.87 கோடிப் பேர், அதில் பாதிப்பேர் பதிவு வேறு இடத்தில் உள்ளவர்கள். 2003இல் சுன் சிகாங் என்ற 27 வயது ஹூபெய் இளைஞர் இதே நகரத்தில் ஓர் ஆடை நிறுவனத்தில் வடிவமைப்பாளராக இருந்தார். தற்காலிகக் குடியிருப்பு அனுமதி கையில் இல்லை என்று பிடித்துக்கொண்டு போனார்கள், காவலில் அடித்தே கொன்றுவிட்டார்கள். நாடே கொதித்தது. வெளியூர்க்காரரைப் பிடித்து ஊருக்கு அனுப்பும் முறையை அந்த வருஷமே ரத்து செய்தார்கள். பிடிப்பது நின்றது, ஆனால் ஹுகோ இன்னும் இருக்கிறது.

அதன் முழு பாரமும் பிள்ளைகள் மேல்தான் விழுகிறது. வெளியூர்ப் பிள்ளைக்கு அரசுப் பள்ளியில் இடம் வேண்டுமென்றால் பெற்றோரின் சமூகக் காப்பீடு, குடியிருப்புப் பதிவு என்று புள்ளி சேர்க்க வேண்டும். ஒப்பந்தமே இல்லாமல் அன்றன்றைக்குக் கூலி வாங்குகிறவளுக்குக் காப்பீடு ஏது? பல்கலைக்கழக நுழைவுத் தேர்வையும் பெரும்பாலும் பதிவுள்ள மாகாணத்தில்தான் எழுத வேண்டும். அதனால் பிள்ளை பாட்டியிடம் வளர்கிறது. மெஷின் மேல் செல்போனைச் சாய்த்து வைத்து, தாய் தைத்துக்கொண்டே வீட்டுப்பாடம் கேட்கிறாள். உன்னை விட்டுத் தூரத்தில் இருக்கிறவன் நான், எனக்கு அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடிவதில்லை.

இப்போது காங்லேயையும் மாற்றிக் கட்டப் போகிறார்கள், பட்டறைகளைப் பக்கத்து நகரமான சிங்யுவானுக்கு நகர்த்தும் திட்டமும் இருக்கிறது. மனை உள்ள ஊர்க்காரருக்கு ஈடு கிடைக்கும். வாடகைக்காரருக்கு என்ன கிடைக்கும் என்று உன் திட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. அதைச் சேர். அப்புறம், கேள்வித்தாளில் வாடகை, சம்பளம் எல்லாம் பின்னால் போகட்டும், 'உங்கள் பிள்ளை எங்கே படிக்கிறது?' என்பதை முதலில் வை. நீ வரும்போது சீனம் தெரிந்த ஒரு பெண்ணைக் கூட அனுப்ப ஏற்பாடு செய்கிறேன். என்னை வைத்துக்கொண்டு அவர்கள் மனம்விட்டுப் பேச மாட்டார்கள்.

அன்புடன்,
அப்பா