பணம் வந்த பிறகுதான் பாடு: பல்கலைக்கழக ஆராய்ச்சிப் பிரிவுகளைப் பற்றி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாநிலப் பல்கலைக்கழகங்களில் ஆராய்ச்சி ஏன் சுணங்குகிறது என்ற பேச்சு எழும்போதெல்லாம் ‘நிதி இல்லை’ என்பதோடு விவாதம் முடிந்துவிடுகிறது. நிதி போதாது என்பதில் எங்களுக்கும் மறுப்பில்லை. ஆனால் நாடு முழுவதும் போட்டி போட்டு வாங்கி வந்த திட்டப் பணத்தைக்கூடக் காலத்துக்குள் செலவழிக்க முடியாமல் திருப்பி அனுப்ப நேர்வது வெளியே பலருக்குத் தெரியாது. அந்தப் பணம் சிக்கிக்கொள்வது நிர்வாகக் கட்டடத்தில் ‘ஆராய்ச்சிப் பிரிவு’, ‘நிதிப் பிரிவு’ என்று பலகை மாட்டிய இரண்டு மூன்று அறைகளில். அங்கே வேலை பார்ப்பவர்களைக் குறை சொல்ல வரவில்லை. அந்த அறைகளுக்கு ஆளும் போதவில்லை, அதிகாரமும் கிடையாது, பயிற்சியும் யாரும் கொடுத்ததில்லை.

ஆய்வுத் திட்டங்களுக்கு மத்திய அரசின் நிதியைத் தந்துவந்த, செர்ப் என்று எல்லோரும் சொல்லிவந்த அறிவியல், பொறியியல் ஆராய்ச்சி வாரியத்தின் இடத்தில் 2024 பிப்ரவரி முதல் ஏ.என்.ஆர்.எஃப். எனப்படும் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை இயங்குகிறது. அதற்கு 2023 முதல் 2028 வரை 50,000 கோடி ரூபாய் திரட்டுவதாகத் திட்டம். திட்டப் பணம் பெரும்பாலும் மூன்று ஆண்டுக்குத் தரப்படும். அனுமதி ஆணை வந்ததும் பல்கலைக்கழகத்துக்குள் திட்டத்துக்குத் தனி எண், தனி லெட்ஜர், ஆய்வு மாணவர் பணியிடத்துக்கு விளம்பரம், தேர்வுக்குழு, நியமன ஆணை, கருவிக்கு டெண்டர் என்று வரிசையாக வேலை இருக்கிறது. மனம் வைத்தால் ஆறேழு வாரத்தில் முடித்துவிடலாம். ஆறு மாதம் இழுப்பதும் அபூர்வமில்லை. முப்பத்தாறு மாதத்தில் ஆறு மாதம் போனால் ஆறில் ஒரு பங்கு, ஒரு சோதனைக்குழாயைக்கூடத் தொடாமலே கழிந்துவிடுகிறது.

ஜே.ஆர்.எஃப். எனப்படும் இளநிலை ஆய்வாளர் நியமனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 ஜனவரி முதல் உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். வீட்டு வாடகைப்படி தனி. தேர்வுக்குழுவில் துணைவேந்தர் நியமிக்கும் வெளி நிபுணர் இருக்க வேண்டும். துணைவேந்தர் நாற்காலியே காலியாகக் கிடந்து ஒருங்கிணைப்புக் குழு நிர்வாகம் நடத்தும் இடங்களில், அந்த ஒரு பெயருக்கு ஒப்புதல் வாங்க வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இரண்டு ஆண்டு முடித்தவருக்கு மதிப்பீட்டுக் குழு கூடிப் பரிந்துரைத்தால்தான் எஸ்.ஆர்.எஃப். எனப்படும் முதுநிலை ஆய்வாளராக 42,000 கிடைக்கும். குழு கூடாத ஒவ்வொரு மாதமும் அந்தப் பிள்ளைக்கு 5,000 ரூபாய் நிலுவை. அரியராகச் சேர்த்துக் கொடுத்துவிடலாம் என்பார்கள். அந்த ஆண்டின் சம்பளத் தலைப்பில், அதாவது சம்பளத்துக்கென்று ஒதுக்கிய பகுதியில், பணம் தீர்ந்திருந்தால் அரியரும் அடுத்த தவணை வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

பொருள் வாங்குவது அடுத்த கூத்து. ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாகப் படியெடுக்கும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் என்ற என்சைம் ஒரு குப்பி வேண்டும் என்று வையுங்கள். சில ஆயிரம் ரூபாய் சமாச்சாரம். பேராசிரியர் இண்டெண்ட் என்ற கொள்முதல் கோரிக்கையை எழுதித் துறைத்தலைவர் வழியாக அனுப்புவார். பிரிவு உதவியாளர் நோட் போடுவார். பிறகு கண்காணிப்பாளர், உதவிப் பதிவாளர், நிதி அலுவலர், உள்ளாட்சி நிதித் தணிக்கை, பதிவாளர் என்று ஏறி, வந்த படியிலேயே ஃபைல் இறங்கும். நடுவில் யாராவது ஓரத்தில் ‘பேசவும்’ என்று எழுதிவிட்டால், பேச வேண்டியவர் விடுப்பில் இருந்து திரும்பும்வரை ஃபைலும் விடுப்பில் இருக்கும்.

ஆர்டர் போய்ப் பொருள் வரும்போது தெர்மகோல் பெட்டியில் ஐஸ் பேக்குகளுக்கு நடுவே வரும். மைனஸ் 20 டிகிரியில் வைக்க வேண்டியது. வெள்ளிக்கிழமை மாலை கூரியர்காரர் அதை மத்திய ஸ்டோரில் இறக்கிவிட்டுப் போகிறார். ஸ்டாக் ரெஜிஸ்டரில் ஏற்றாமல் வெளியே கொடுக்கக் கூடாது என்பது விதி. ஏற்ற வேண்டியவர் திங்கட்கிழமைதான் வருவார். அதற்குள் ஐஸ் பேக் உருகி, பெட்டிக்குள் வெதுவெதுப்பாகத் தண்ணீர் கசிந்திருக்கும். எண்ணிக்கை சரியாக இருப்பதால் பில் தடையின்றிப் பாஸாகும். சோதனை மட்டும் வேலை செய்யாது. தன் ஆர்.என்.ஏ.தான் கெட்டுவிட்டதோ என்று மாணவர் இரண்டு வாரம் மறுபடி மறுபடி பிரித்தெடுத்துக்கொண்டிருப்பார். குளிர்ப் பெட்டிகளை நேராக ஆய்வகத்தில் இறக்கலாம், நுகர்பொருள் ரெஜிஸ்டரில் அடுத்த வேலைநாளில் ஏற்றலாம் என்று பதிவாளர் ஒரு சுற்றறிக்கை விட்டால் இது தீரும். ஒரு பைசா செலவில்லை.

மூன்று கொட்டேஷன் விதியைப் பற்றி நாங்கள் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. ஒரே கம்பெனி தயாரிக்கும், ஒரே டீலர் விற்கும் ரசாயனத்துக்கும் மூன்று கவர் கேட்டால், அந்த டீலரே மூன்று லெட்டர்ஹெட்டில் கொண்டுவந்து கொடுத்துவிடுவார். எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் கையெழுத்துப் போடுகிறோம். நேர்மையைக் காக்க வந்த விதி பொய்யைப் பழக்கிவிடுகிறது. இந்தப் பொருளை இந்த ஒரு கம்பெனிதான் தயாரிக்கிறது என்று எழுதிக் கொடுக்கும் தனியுரிமைப் பொருள் சான்றிதழ் என்று ஒரு நேரான வழி இருக்கிறது. இன்னும் நல்ல வழி ஆண்டு ரேட் கான்ட்ராக்ட்: அடிக்கடி வாங்கும் ரசாயனம், கண்ணாடிப் பொருள் கம்பெனிகளிடம் ஏப்ரலிலேயே கேட்டலாக் விலையில் இத்தனை சதவீதம் தள்ளுபடி என்று பேசி முடித்துவிட்டால், ஆண்டு முழுவதும் கொட்டேஷனே வேண்டாம், பேராசிரியர் நேரடியாக ஆர்டர் போடலாம்.

மத்திய அரசு 2025 ஜூனில் தன் அறிவியல் நிறுவனங்களுக்கான கொள்முதல் வரம்புகளை உயர்த்தியது. கொட்டேஷன் இல்லாமல் வாங்கும் வரம்பு 1 லட்சத்திலிருந்து 2 லட்சம் ஆனது. கொள்முதல் குழு மூலம் வாங்குவது 25 லட்சம் வரை, சில கம்பெனிகளிடம் மட்டும் விலை கேட்கும் வரையறுக்கப்பட்ட டெண்டர் 1 கோடி வரை. மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டமும் பல்கலைக்கழக ஆட்சிக்குழுவான சிண்டிகேட் என்றோ நிர்ணயித்த தொகைகளும் இருக்கின்றன. நிதி தருவது ஒரே ஏஜென்சி, ஒரே மாதிரி திட்டம். கிண்டியில் மத்திய நிறுவனத்தில் இருப்பவர் ஒரு நாளில் வாங்குவதை, கொஞ்ச தூரம் தள்ளி இருப்பவர் இரண்டு மாதம் கழித்து வாங்குகிறார். சட்டத்தைத் திருத்தச் சொல்லவில்லை. சிண்டிகேட் தன் கையில் இருக்கும் தொகையை உயர்த்தினாலே சின்னக் கொள்முதல்கள் நகர்ந்துவிடும்.

தாமதத்துக்கு விலை உண்டு என்பதற்கு ஒரு கணக்கு. 2022 ஜூலை 18க்கு முன் ஆராய்ச்சி நிறுவனங்கள் உரிய சான்றிதழ் கொடுத்தால் அறிவியல் கருவிகளுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி.தான். அன்றோடு சலுகை போய் 18 சதவீதம் ஆனது. 20 லட்ச ரூபாய்க் கருவியை ஜூன் மாதம் வாங்கியவருக்கு 21 லட்சம். ஃபைல் சுற்றி ஆகஸ்ட் மாதம் வாங்கியவருக்கு 23 லட்சத்து 60 ஆயிரம். அனுமதித்த தொகை மாறாது. கூடுதல் 2 லட்சத்து 60 ஆயிரத்துக்கு எந்தத் தலைப்பிலிருந்து மாற்ற அனுமதி கேட்பது என்று இன்னொரு ஃபைல் தொடங்கும்.

இனி யூ.சி. எனப்படும் பயன்பாட்டுச் சான்றிதழ். வந்த பணத்தை எப்படிச் செலவழித்தோம் என்று காட்டும் அது போகாவிட்டால் அடுத்த தவணை வராது. பாதித் திட்டங்கள் மூச்சுத் திணறுவது இங்கேதான். பொது நிதி விதிகள் 2017இல் ஜி.எஃப்.ஆர். 12-ஏ என்ற படிவம் அது. பார்ப்பதற்கு எளிய படிவம். மேலே ஆரம்ப இருப்பு, பிறகு வந்த மானியம், வட்டி, செலவு, கடைசியில் மீதி. பொருளாளர் வேலை தெரிந்த எவரும் அரை மணியில் போடலாம் என்று தோன்றும். திரும்பி வருவதற்கான காரணங்கள் எல்லாம் அந்தப் படிவத்துக்குப் பின்னால் இருக்கின்றன.

முதலில் வட்டி. மானியப் பணத்துக்கு வங்கி கொடுத்த வட்டி பல்கலைக்கழகத்துடையது ஆகாது. கணக்கு முடித்ததும் மத்திய அரசின் பாரத்கோஷ் இணையதளம் வழியாக இந்தியத் தொகுப்பு நிதிக்குக் கட்ட வேண்டும். எல்லாத் திட்டங்களுக்கும் சேர்த்து ஒரே சேமிப்புக் கணக்கு வைத்திருந்தால் வங்கி காலாண்டுக்கு ஒரு முறை மொத்தமாக ஒரு தொகையை வரவு வைக்கும். அதில் இந்தத் திட்டத்தின் பங்கு எவ்வளவு? ஒவ்வொரு திட்டத்தின் தினசரி இருப்பையும் எடுத்துப் பிரிக்க வேண்டும். பிரிக்க ஆளில்லாததால் ‘வட்டி: இல்லை’ என்று எழுதி அனுப்புவார்கள். டெல்லியில் இருந்து திரும்பி வரும்.

அடுத்தது தலைப்பு. கருவிக்கு வந்தது மூலதன மானியம். சம்பளம், நுகர்பொருள், பயணம், இதரச் செலவு ஆகியவை பொது மானியம். இரண்டுக்கும் தனித்தனி யூ.சி. கருவியோடு சேர்த்து யூ.பி.எஸ். வாங்கி அதை இதரச் செலவில் போட்டிருந்தால் இரண்டு யூ.சி.யும் தப்பு. இன்னொன்று, மார்ச் மாதம் வெளிநாட்டுக் கம்பெனிக்கு எல்.சி. (பணம் தருவதாக வங்கி உறுதி கூறும் கடிதம்) திறந்து, கருவி ஜூலையில் வந்து சேரும். மார்ச் 31 கணக்கில் அது முன்பணமாகத்தான் நிற்க வேண்டும், செலவில் ஏறக் கூடாது. அவசரத்தில் செலவு என்று காட்டிவிட்டால் போன ஆண்டின் மீதியும் இந்த ஆண்டின் ஆரம்ப இருப்பும் ஒத்துப்போகாது. அதைச் சரிசெய்ய மூன்று ஆண்டுக் கணக்கையும் திரும்ப எழுத வேண்டும். இதற்குள் பேராசிரியர் ஓய்வு பெற்றிருப்பார். பாக்கி ஏதுமில்லை என்ற நோ டியூ சான்றிதழுக்கு அலையும்போதுதான் அவருக்கே விஷயம் தெரியும்.

மத்திய அரசு தரும் பணத்தைக் கணினி வழியே கண்காணிக்கும் பி.எஃப்.எம்.எஸ். வந்ததால் வெளிப்படைத்தன்மை கூடியது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2022 ஏப்ரலுக்குப் பிறகு மத்தியத் திட்டங்களின் பணம் படிப்படியாக ஜீரோ பேலன்ஸ் கணக்குகளுக்கு மாறியது. பணம் உங்கள் வங்கிக் கணக்கில் தங்காது, செலவு செய்யும் வரம்பு மட்டும் ஒதுக்கப்படும். மார்ச் 31 நள்ளிரவோடு பயன்படுத்தாத வரம்பு காலாவதி. புது ஆண்டு வரம்பு வரும்வரை ஏப்ரல், மே உதவித்தொகை தொங்கும். இதில் ஒருவர் பில் ஏற்ற வேண்டும், இன்னொருவர் டிஜிட்டல் கையெழுத்தால் ஒப்புதல் தர வேண்டும். கையெழுத்து டோக்கன் வைத்திருந்தவர் மாற்றலாகிப் போனால் புதியவர் பதிவாகும்வரை ஒரு ரூபாய் அசையாது. நம் ஊருக்கே உரிய ஒரு தொல்லையும் உண்டு: இனிஷியல். வங்கிப் பாஸ்புக்கில் இனிஷியல் பெயருக்குப் பின்னால், நியமன ஆணையில் முன்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக விரிந்து. கணினி மூன்றையும் மூன்று ஆளாகப் பார்க்கும். பெயர் ஒத்துப்போகவில்லை என்று பணம் திரும்பும். சேரும் நாளிலேயே பாஸ்புக் முதல் பக்கத்தை வாங்கி, அதில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து நியமன ஆணையைத் தட்டச்சு செய்தால் போதும்.

இவ்வளவுக்கும் ஆள் யார்? ஓர் உதவியாளர், ஒரு தொகுப்பூதியப் பணியாளர், பொறுப்பைக் கூடுதலாகச் சுமக்கும் ஒரு பேராசிரியர். உதவியாளர் தொழில் கற்றுக்கொள்வதற்குள் தேர்வுப் பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள். ஐ.ஐ.டி. மெட்ராஸில் ஐ.சி.எஸ்.ஆர். என்று இதற்கெனத் தனி அலுவலகமே உண்டு. கணக்கு, கொள்முதல், பணியமர்த்தல் எல்லாம் ஒரே இடத்தில் நடக்கும். அந்த அளவுக்குக் கேட்கவில்லை.

பணம் எங்கே என்பார்கள். ஒவ்வொரு திட்டத்தோடும் ஓவர்ஹெட் என்று ஒரு தொகை நிறுவனத்துக்கு வருகிறது. மின்சாரம், நிர்வாகம் ஆகியவற்றுக்காகவே தரப்படுவது. அது பல்கலைக்கழகப் பொது நிதியில் கரைந்துவிடுகிறது. ஓய்வூதிய நிலுவைக்குக் கையைப் பிசையும் நிதி அலுவலரைக் குற்றம் சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் ஓவர்ஹெட்டில் பாதியையாவது தனிக் கணக்கில் ஒதுக்கி, மூன்று பேரை நியமிக்கலாம்: வணிகவியல் படித்த கணக்காளர் ஒருவர், கொள்முதலுக்கு ஒருவர், நியமனங்களுக்கும் யூ.சி.க்கும் ஒருவர். மூன்று ஆண்டுக்கு இடமாற்றம் கூடாது. பிப்ரவரி 15க்குள் ஒவ்வொரு திட்டத்துக்கும் லெட்ஜரையும் வங்கிக் கணக்கையும் ஒத்துப்பார்த்து, செலவாகாத தலைப்புகளின் பட்டியலைப் பேராசிரியர்களுக்கு அனுப்ப வேண்டும். மார்ச் 28ஆம் தேதி அல்ல.

ஏ.என்.ஆர்.எஃப்.பின் ‘பேர்’ (PAIR) திட்டத்தில் ஒரு முன்னணி நிறுவனம் மையமாகவும் மற்றப் பல்கலைக்கழகங்கள் அதைச் சுற்றியும் சேர்ந்து ஆய்வு செய்கின்றன. சுற்றியிருக்கும் ஒருவர் கணக்குக் கொடுக்கத் தாமதித்தால் மற்றவர்கள் முகம் சுளிப்பார்கள். அடுத்த முறை கூப்பிடவும் யோசிப்பார்கள்.

உயர்கல்வித் துறையிடம் கேட்பது ஒன்றுதான். ஒவ்வொரு மாநிலப் பல்கலைக்கழகத்திலும் நிலுவையில் உள்ள யூ.சி.க்கள் எத்தனை, எந்த ஆண்டிலிருந்து, எந்த மேசையில் என்று வரும் ஏப்ரல் 30க்குள் பட்டியல் வாங்கி இணையதளத்தில் போடட்டும். ‘எந்த மேசையில்’ என்ற மூன்றாவது கட்டத்தை நிரப்பத்தான் சிரமப்படுவார்கள்.

இப்படிக்கு,
மாநிலப் பல்கலைக்கழக ஆய்வுத் திட்டப் பொறுப்பாளர்கள் சிலர்,
சென்னை