சாமி எத்தனை என்பதா கேள்வி?

ஆசிரியர் அவர்களுக்கு,

நாட்டார் வழிபாட்டுக்கும் ஓரிறை மதங்களுக்கும் உள்ள வேறுபாட்டை ‘பல கடவுள், ஒரு கடவுள்’ என்று தங்கள் நாளிதழ்க் கட்டுரை சுருக்கமாக முடித்துவிட்டது. பதி, அதாவது இறைவன், ஒன்றுதான் என்று சைவ சித்தாந்தமும் சொல்கிறதே! இராமநாதபுரம் கடற்கரையில் எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் எதுவும் பிடிபடாது. மண்ணை வைத்துப் பார்க்கலாம்.

இங்கே கருப்பணசாமிக்கும் முனியசாமிக்கும் எல்லை உண்டு. பிழைக்கப் போன ஊரில் கோயில் எழுப்ப வேண்டுமானால், மூலக்கோயிலில் உத்தரவு கேட்டு, பிடிமண் எடுத்துத் துணியில் முடிந்து கொண்டுபோய்ப் பீடத்துக்கு அடியில் வைக்க வேண்டும். பிடிமண் இல்லாமல் நட்டது வெறும் கல். பின்னால் குடும்பத்தில் ஏதாவது தடங்கல் வந்தால், “பிடிமண் முறையா எடுத்தீங்களா?” என்பதுதான் முதல் கேள்வி.

ஓரியூரிலும் மண் எடுக்கிறார்கள். 1693 பிப்ரவரி 4 அன்று கிறித்தவத் துறவி அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) வெட்டுண்ட இடத்துச் செம்மண். அதை வீட்டில் பத்திரமாக வைப்பார்கள். அதை வைத்து வேறு ஊரில் ஒரு கடவுளை நிலைநிறுத்த முடியாது. புனிதரிடம் கேட்பது ‘எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்’ என்பது மட்டுமே. ஆராதனை கடவுளுக்கு.

சந்தனத்திலும் இதே கணக்குத்தான். உத்தரகோசமங்கை மரகத நடராஜருக்கு ஆண்டு முழுக்கச் சந்தனக் காப்பு. மார்கழித் திருவாதிரையை ஒட்டிக் களைந்து மறுபடி சாத்துவார்கள். அது சாமியின் மேனிக்கே சாத்துவது. ஏர்வாடி தர்காவில் துல்கஃதா என்ற இஸ்லாமிய மாதத்தில் நடக்கும் சந்தனக்கூடு விழாவின்போது சந்தனம் பூசுவது சுல்தான் சையது இபுறாகீம் ஷஹீதின் மக்பராவில், அதாவது அடக்கத்தலத்தில். அவர் இறைநேசர், இறைவன் அல்ல, துஆ (வேண்டுதல்) அல்லாஹ்விடம். நேர்ச்சை வைத்து அவரிடமே கேட்பது இறைவனுக்கு இணைவைத்தல் என்று, ஓரிறைக் கொள்கையைக் கறாராகப் பேசும் தவ்ஹீத் தரப்பினர் ஆட்சேபிப்பதும் இந்த இடத்தில்தான். (சந்தனக்கூட்டுக்கு வரும் இந்துக்களுக்கு அந்தக் கவலை கிடையாது. அவர்களுக்கு அவரும் ஒரு சாமி.)

நாட்டார் வழிபாட்டில் புதிய சாமியைச் சேர்த்துக்கொள்ள எதையும் விட வேண்டியதில்லை. ஓரிறை மதம் விடச் சொல்கிறது. பழைய சாமியை மட்டுமல்ல, பழைய வாழ்க்கை முறையையும். மறவர் சீமையான சேது நாட்டின் தடியத்தேவர் அருளானந்தரிடம் ஞானஸ்நானம் பெற்றபோது ஒரு மனைவியைத் தவிர மற்றவர்களை விலக்கினார். அவர்களில் ஒருவர் மன்னர் கிழவன் சேதுபதியின் உறவுப்பெண். வழக்கு அரண்மனைக்குப் போனது. அருளானந்தர் தலை ஓரியூரில் விழுந்தது. வீட்டுச் சாமிகளோடு இன்னொரு சாமியையும் தேவர் கும்பிட்டிருந்தால் சேது நாட்டில் யார் கேட்டிருக்கப் போகிறார்கள்?

இப்படிக்கு,
வாசகர், தொண்டி