பாஸ்டர் கேட்டது வேறு, மில்லர் கேட்டது வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உயிரற்ற வேதிப்பொருள்களிலிருந்து உயிர் தோன்றியிருக்க முடியுமா என்று தங்கள் வாசகர் பக்கத்தில் நடந்துவரும் விவாதத்தைப் படித்து வருகிறோம். "முடியாது என்று லூயி பாஸ்டர் அன்றே நிரூபித்துவிட்டார்" என்கிறது ஒரு தரப்பு. "மில்லர் 1953இலேயே குடுவைக்குள் செய்து காட்டிவிட்டாரே" என்கிறது மறுதரப்பு. இரண்டும் தவறு. விஞ்ஞானிகள் இன்று முட்டி மோதிக்கொண்டிருக்கும் இடம் இந்த இரண்டிலும் இல்லை.

19ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு விஞ்ஞானியான பாஸ்டர் எடுத்துக்கொண்ட கேள்வி சிறியது. கொதிக்கவைத்த சாற்றில் நுண்ணுயிர்கள் தாமாக உண்டாகின்றனவா, தூசியோடு வந்து விழுகின்றனவா? ஈஸ்ட் சாறும் சர்க்கரையும் கலந்த நீரைக் கொதிக்கவைத்து, வாயை உருக்கி மூடி, வெவ்வேறு இடங்களில் குடுவைகளைத் திறந்து மீண்டும் மூடினார். ஊர்ப்புறத்தில் 20க்கு 8 கெட்டன. ஜூரா மலையில் 20க்கு 5. பனியாற்றின் அருகே 20க்கு ஒன்றுதான். ஆனால் நுண்ணுயிர்கள் தாமாகவே தோன்றும் என்று சொல்லி அவரை எதிர்த்த பூஷே பிரனீஸ் மலைமேல் போய்த் திறந்தபோது எல்லாக் குடுவைகளும் கெட்டன. பூஷே பொய் சொல்லவில்லை. அவர் எடுத்தது உலர்புல் ஊறிய நீர். அதிலுள்ள பேசில்லஸ் சப்டிலிஸ் பாக்டீரியாவின் வித்துகள் 100 டிகிரி கொதியைத் தாங்கிக் கிடந்து, ஆறியபின் முளைக்கும். 1876இல் ஃபெர்டினாண்ட் கோனும் மறு ஆண்டு ஜான் டின்டாலும் விளக்கிய பிறகே இது தெளிந்தது.

நம் பள்ளிகளில் இந்தச் சோதனை சொதப்புவதற்கும் இதே வித்துகள்தான் காரணம். பாரமீசியம் என்ற ஒருசெல் உயிரியை வளர்க்க வைத்திருக்கும் வைக்கோல் தண்ணீரையோ வடிகஞ்சியையோ எடுத்து அடுப்பில் பத்து நிமிடம் கொதிக்கவிடுகிறார்கள். இரண்டு மூன்று நாளில் கலங்கிவிடுகிறது. அரிசியிலும் பேசில்லஸ் இனத்து வித்துகள் தாராளமாக உண்டு. வைக்கோலும் கஞ்சியும் வேண்டாம். 100 மி.லி. நீருக்கு 5 கிராம் சர்க்கரை, அரை கிராம் ஈஸ்ட் சாறு போதும். குடுவையில் பாதிக்கு மேல் ஊற்றாமல், பஞ்சடைத்து, பிரஷர் குக்கரில் 15 பவுண்டு அழுத்தத்தில், அதாவது 121 டிகிரியில், 20 நிமிடம் வையுங்கள். முடிந்ததும் வெயிட்டைத் தூக்கி ஆவியை விடக் கூடாது. அழுத்தம் சட்டென இறங்கினால் சாறு பொங்கிப் பஞ்சை நனைக்கும். நனைந்த பஞ்சு வழியாகக் கிருமி இறங்கும். குக்கர் இல்லையென்றால் டின்டால் வழி இருக்கிறது: அடுத்தடுத்து மூன்று நாள், நாளுக்கு அரை மணி நேரம் கொதிக்கவையுங்கள். இடைப்பட்ட நேரத்தில் முளைவிடும் வித்துகள் மறுநாள் கொதியில் சாகும்.

இவ்வளவும் சரியாகச் செய்து குடுவை தெளிவாகவே இருந்தாலும் அது சொல்வது ஒன்றுதான்: இன்று, சில வாரங்களில், சாற்றில் பாக்டீரியா தானே பிறப்பதில்லை. ஆக்சிஜன் இல்லாத பழைய பூமியில் கோடிக்கணக்கான ஆண்டுகளில் என்ன நடந்திருக்கும் என்பதை அது தொடவே இல்லை. "அப்படியானால் இப்போது ஏன் தோன்றவில்லை" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். டார்வின் 1871இல் எழுதிய கடிதம் ஒன்றிலேயே இதற்கு விடை இருக்கிறது: உயிராக மாறக்கூடிய ஒரு சேர்மம் இன்று உருவானால், ஏற்கெனவே இருக்கும் உயிர்கள் அதை உடனே தின்றுவிடும்.

இனி அமெரிக்க வேதியியலாளர் ஸ்டான்லி மில்லர். பழைய பூமியின் காற்றில் மின்னல் வெட்டினால் உயிரின் மூலப்பொருள்கள் உண்டாகுமா என்பதே அவருடைய கேள்வி. 5 லிட்டர் குடுவை ஒன்று, அரை லிட்டர் குடுவை ஒன்று. சிறியதில் 200 மி.லி. நீர் கொதிக்கும், நீராவி மேலே போய் மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜனோடு கலந்து மின்பொறி வழியே சென்று, குளிர்ந்து திரும்பும். வாயுக்களின் அளவு முறையே 20, 20, 10 செ.மீ. பாதரச அழுத்தம். முதல் நாள் முடிவில் நீர் இளஞ்சிவப்பு. ஒரு வாரத்தில் அடர்சிவப்பாகிக் கலங்கல். புரதங்களின் கட்டுமானத் துண்டுகளான அமினோ அமிலங்களைக் கிருமிதான் உண்டாக்கியது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, நீரை வெளியே எடுத்தவுடன் கிருமி வளரவிடாத மெர்குரிக் குளோரைடு கரைசல் ஒரு மி.லி. ஊற்றினார். பிறகு கலவையைத் தாளில் ஓடவிட்டுப் பிரிக்கும் காகித வண்ணப்பிரிகையில், அமினோ அமிலத்தை நிறமாகக் காட்டும் நின்ஹைட்ரினைத் தெளித்து, கிளைசின், அலனின் என்ற அமினோ அமிலங்களை அடையாளம் கண்டார். நீர் கொதித்தது 100 டிகிரி அளவில். மத்தியப் பாடத்திட்டத்தின் 12ஆம் வகுப்பு உயிரியல் நூலில் 800 டிகிரி என்று அச்சாகியிருப்பது பிழை. புதுச்சேரி அரசுப் பள்ளிகளும் இப்போது அந்தப் பாடத்திட்டத்துக்கு மாறியிருப்பதால், ஆசிரியர்கள் இதை வகுப்பில் திருத்திச் சொல்ல வேண்டுகிறோம்.

அந்தக் கலங்கலைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அம்மோனியா கலந்த காரநீர் கண்ணாடியை அரிக்கும். கலங்கலில் பெரும்பகுதி கண்ணாடியிலிருந்து வந்த சிலிக்காக் கூழ்மம் (நீரில் மிதக்கும் நுண்துகள்கள்) என்று மில்லரே குறித்திருந்தார். 2021இல் ஸ்பெயின், இத்தாலி ஆய்வாளர்கள் இதே சோதனையைக் கண்ணாடிக் குடுவையிலும் டெஃப்லான் பாத்திரத்திலும் செய்து ஒப்பிட்டார்கள். கண்ணாடியில் கிடைத்த சேர்மங்களின் வகையும் அளவும் டெஃப்லானில் கிடைத்ததைவிட மிக அதிகம். வெறும் பாத்திரம் என்று நினைத்த கண்ணாடியும் வினையில் பங்கெடுத்திருக்கிறது. பாறை நிறைந்த பூமிக்கு இது பொருந்துகிற செய்திதான்.

மில்லருக்கு எதிரான வலுவான வாதம், பழைய காற்றுமண்டலத்தில் மீத்தேனும் அம்மோனியாவும் அவ்வளவு இருந்திருக்காது என்பது. கார்பன் டைஆக்சைடும் நைட்ரஜனும் மட்டும் வைத்துச் செய்தால் விளைச்சல் சரிந்துவிடுகிறது. அதற்கு ஒரு காரணம், மின்பொறியில் நைட்ரைட்டும் அமிலமும் உண்டாகி அமினோ அமிலங்களை அழிப்பது. கால்சியம் கார்பனேட் போட்டு அமிலத்தை அடக்கி, ஆக்சிஜனேற்றத்தையும் தடுத்தால் விளைச்சல் மீள்கிறது என்று 2008இல் காட்டினார்கள்.

அமினோ அமிலம் கிடைப்பது இன்று பெரிய சிக்கலே இல்லை. 1969இல் ஆஸ்திரேலியாவில் விழுந்த மர்ச்சிசன் விண்கல்லில் அவை இருப்பதைக் கண்டறிந்த குழுவில், சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்த சிரில் பொன்னம்பெரும இருந்தார். பென்னு சிறுகோளிலிருந்து 2023இல் வந்த 121.6 கிராம் மண்ணில், உயிர்கள் புரதத்துக்குப் பயன்படுத்தும் 20 அமினோ அமிலங்களில் 14 கிடைத்தன. ஆனால் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இடக்கை, வலக்கை வடிவங்கள் கிட்டத்தட்ட சரிபாதி. நம் புரதங்களில் இடக்கை மட்டும் எப்படி வந்தது என்பது அப்படியே நிற்கிறது.

கடினமான முடிச்சு தண்ணீரில் இருக்கிறது. இரு அமினோ அமிலங்கள் சேரும்போது ஒரு நீர் மூலக்கூறு வெளியேற வேண்டும். சுற்றிலும் நீர் இருந்தால் வினை பின்னோக்கியே இழுபடும். ஆகவே காய்ந்து நனையும் குட்டைகளில் அது நடந்திருக்கலாம் என்கிறார்கள். மரக்காணம் உப்பளத்தில் நடப்பதுபோல, நீர் வற்றும்போது கரைந்தவை செறியும். ஆனால் உப்பும் சேர்ந்தே செறிகிறது. முதலில் சுண்ணாம்பு, பிறகு ஜிப்சம், பிறகு சோற்றுப்பு படிந்து, மெக்னீசியம் மிகுந்த கசப்பு நீர் மிஞ்சும். ஆதி செல்லின் சவ்வு கொழுப்பமிலத்தால் ஆனது என்றால், கால்சியமும் மெக்னீசியமும் அதைக் குலைத்துவிடும். உப்பேறிய போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகத் திரளுகிறதே, அதே வேதியியல்தான். மரபுச் செய்தியைச் சுமக்கும் மூலக்கூறான ஆர்.என்.ஏ. தன்னை நகலெடுக்க மெக்னீசியம் வேண்டும். சவ்வுக்கு அது ஆகாது. 2013இல் அமெரிக்காவின் ஜாக் ஷோஸ்டாக் ஆய்வகம், மெக்னீசியத்தைப் பிடித்து வைக்கும் சிட்ரேட் சேர்த்து இரண்டையும் ஒரே நீரில் இருக்கவைத்தது. அந்தக் காலத்தில் அவ்வளவு சிட்ரேட் எங்கிருந்து வந்தது என்ற எதிர்க்கேள்வி நியாயமானது. ஆர்.என்.ஏ.வின் சர்க்கரையான ரைபோஸும் நிலையற்றது: 100 டிகிரியில் 73 நிமிடத்தில் பாதி அழியும், 0 டிகிரியில் பாதி அழிய 44 ஆண்டு ஆகும். இதை அளந்து 1995இல் வெளியிட்டவர்களில் மில்லரும் ஒருவர்.

"ஒரு புரதம் தற்செயலாக அமைய 20இன் 100ஆம் அடுக்கில் ஒரு வாய்ப்பு" என்ற கணக்கு பல கடிதங்களில் வந்தது. முழுப் புரதம் ஒரே தாவலில் அமைந்தது என்று இத்துறையில் யாரும் சொல்லவில்லை. சிறிய ஆர்.என்.ஏ. துண்டே முதலில் வினையூக்கியாக இருந்தது என்பதே கருதுகோள். அதற்கு மிக வலுவான சான்று, செல்லுக்குள் புரதத்தைச் செய்யும் கருவியான ரைபோசோம். நம் கடலூர் மாவட்டச் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், ஸ்டைட்ஸ், யோனத் மூவரும் 2009இல் நோபல் பெற்றது அதன் அமைப்புக்காக. அதன் இரு பகுதிகளில் பெரியதில், புரதத்தைக் கோக்கும் மையத்தில், வேலை செய்வது ஆர்.என்.ஏ.தான், மிக அருகிலுள்ள புரதமே சுமார் 18 ஆங்ஸ்ட்ரம் (ஓர் ஆங்ஸ்ட்ரம் ஒரு செ.மீ.யில் பத்துக் கோடியில் ஒரு பங்கு) தள்ளி இருக்கிறது. ராமகிருஷ்ணன் ஆராய்ந்த சிறிய பகுதியிலும் குறியீட்டைச் சரிபார்ப்பது முதன்மையாக ஆர்.என்.ஏ.வே. புரதத்தைக் கோக்கும் அந்த மையத்திலேயே புரதம் இல்லை!

உயிர் வேதிப்பொருளிலிருந்தே வந்தது என்றுதான் நாங்கள் கருதுகிறோம். ஆனால் எளிய சேர்மங்களில் தொடங்கி, இடையில் யாரும் சுத்திகரித்துக் கொடுக்காமல், தானே நகலெடுக்கும் செல் வரை எந்த ஆய்வகமும் இன்னும் போய்ச் சேரவில்லை. எனவே "ஆய்வகத்தில் உயிர் உருவானது" என்ற தலைப்பைத் தாங்கள் இனிப் போடாமல் இருக்க வேண்டுகிறோம். எந்தப் படி நடந்தது, என்ன சேர்த்தார்கள், எவ்வளவு கிடைத்தது என்று போடுங்கள்.

பள்ளிக் கண்காட்சிக்கு மில்லர் சோதனையைச் செய்ய நினைக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. மீத்தேனும் ஹைட்ரஜனும் உள்ள குடுவையில் காற்றுக் கசிவு இருந்தால் பொறி பட்டதும் வெடிக்கலாம். வாயு நிரப்பாத கண்ணாடி மாதிரி ஒன்றை வைத்து, பக்கத்தில் கிளைசின் கரைசலைத் தாளில் ஓடவிட்டு நின்ஹைட்ரின் ஊதா நிறத்தைக் காட்டுங்கள். நின்ஹைட்ரின் கையில் பட்டால் தோலும் ஊதாவாகும். கையுறை போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

இங்ஙனம்,
வேதியியல், உயிரியல் ஆசிரியர்கள் சிலர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.