விதித்தாளில் ஒரு வரி சேருங்கள்

விரால் தூண்டில் போட்டி நடத்தும் குழுவினருக்கு,

வணக்கம். 'பிடித்த மீனை உயிரோடு விட வேண்டும்' என்று உங்கள் விதித்தாளில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். எந்தத் தூண்டில் முள்ளால் பிடிப்பது என்று ஒரு வார்த்தை இல்லை. சென்ற போட்டியில் நடந்ததை நீங்களே பார்த்தீர்கள். மும்முள் கொக்கியின் ஒரு முனை தாடையில், ஒன்று கண்ணில், மூன்றாவது மீனை அள்ளும் நைலான் வலையில். வலையை அறுத்து, குறடு தேடி, அளவுப் பலகையில் கிடத்தி, படமும் எடுத்த பிறகு 'உயிரோடு விடப்பட்டது' என்று குறித்துக்கொண்டீர்கள். பொய்யில்லை. ஒற்றைக் கண்ணோடு போனது.

விரால் காற்றையும் சுவாசிக்கும் மீன். அதனால் கரையில் நெடுநேரம் துள்ளுகிறது, நாமும் அதைத் தெம்பு என்கிறோம். பார்த்துப் பாய்ந்து இரை பிடிக்கிற மீனுக்குக் கண் போனால் என்ன மிச்சம்?

நாங்கள் கேட்பது இதுதான்: லூரில், அதாவது செயற்கை இரையில், ஒற்றை முள். அதுவும் பார்ப், அதாவது முனைக்குப் பின்னால் இருக்கும் எதிர்முள், நசுக்கியது.

பெரிய வேலையில்லை. லூரையும் முள்ளையும் இணைக்கும் வளையத்தை ஸ்பிளிட் ரிங் குறடால் திறந்து மும்முள்ளைக் கழற்றி, லூரோடு நேராக நிற்கும்படி கண் அமைந்த இன்லைன் ஒற்றை முள்ளை மாட்டினால் போதும். கண் என்பது முள்ளில் வளையம் கோக்கும் துளை. சாதாரண ஒற்றை முள்ளை மாட்டினால் அதன் கண் வேறு திசையில் இருப்பதால் முள் பக்கவாட்டில் திரும்பி நிற்கும். இன்னொரு வளையம் சேர்க்க வேண்டிவரும். மும்முள்ளைவிட ஓரிரு அளவு பெரியதாக எடுங்கள். பழைய முள்ளையும் புதியதையும் நகைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். எடை குறைந்தால் நீருக்குள் அந்தரத்தில் நிற்க வேண்டிய லூர் மேலே மிதந்துவரும்; முள்ளின் தண்டில் ஈயக் கம்பி இரண்டு சுற்று சுற்றினால் சரியாகும். லூரின் வயிற்று முள்ளும் வால் முள்ளும் ஒன்றையொன்று எட்டக் கூடாது.

பார்ப்பை நசுக்கும்போது குறட்டை முனையின் நீளவாக்கில் வைத்து மெல்ல அழுத்த வேண்டும். முறுக்கினால் முனையே ஒடியும். பருத்தித் துணியில் குத்தி இழுத்தால் நூல் மாட்டாமல் வர வேண்டும்.

'மீன் கழன்றுவிடும்' என்பீர்கள். தூண்டில் நரம்பைத் தளரவிட்டால் கழலும்தான். தூண்டில் கோல் வளைந்தபடியே இருந்தால் பெரும்பாலும் கழலாது. கனடாவின் மானிடோபாவில் பார்ப் இல்லாத முள்தான் சட்டம். அங்கேயும் மீன் பிடிக்கத்தான் செய்கிறார்கள்.

இதில் குஞ்சுக் கூட்டத்தின் மேல் லூர் எறிகிற வீரர்கள் வேறு. காவல் நிற்கும் தாயையும் தகப்பனையும் பிடித்துக் கரையில் படத்துக்கு நிறுத்தினால், அதற்குள் கெண்டையும் கெளுத்தியும் குஞ்சுகளைத் தின்றுவிடும். அதற்கும் கோப்பை தருகிறீர்கள். டீ-சர்ட் நிறத்துக்குக் கூட்டம் போட்ட குழுவுக்கு முள்ளைப் பற்றிப் பேச நேரமில்லை போலும்.

வார்த்தை கொஞ்சம் தடித்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த போட்டியின் விதித்தாளில் 'ஒற்றை முள், பார்ப் நசுக்கியது' என்ற வரியைத் தயவுசெய்து சேருங்கள். பதிவு மேசையில் ஒரு பருத்தித் துணியும் இரண்டு தட்டைக் குறடும் வையுங்கள். துணியில் நூல் மாட்டினால் அங்கேயே நசுக்கித் தர நாங்கள் வந்து உட்காருகிறோம்.

நன்றியுடன்,
ஏரிக்கரைத் தூண்டில்காரர்கள்