விழுந்ததெல்லாம் சாஷ்டாங்கமா?

ஆசிரியருக்கு,

அரசியல் செய்திகளில் யார் காலில் யார் விழுந்தாலும் ‘சாஷ்டாங்கமாக விழுந்தார்’ என்றே அச்சாகிறது. பக்கத்தில் உள்ள படத்தில் அவர் மண்டியிட்டிருப்பார், அல்லது குனிந்து காலைத் தொட்டதோடு சரி.

சாஷ்டாங்கம் என்றால் எட்டு உறுப்புகளோடு. சைவ மரபில் அந்த எட்டு: தலை, கை இரண்டு, செவி இரண்டு, மோவாய், புயம் இரண்டு. எட்டும் தரையில் பட வேண்டும். காது எப்படிப் படும்? அதற்கும் முறை இருக்கிறது. மார்பு தரையில் படக் கிடந்து வலக்கையை முதலிலும் இடக்கையைப் பிறகும் நேரே நீட்டி, அதே வரிசையில் மடக்கி, புயங்கள் மண்ணில் படும்படி இடுப்பை நோக்கிக் கைகளை நீட்ட வேண்டும். அதன்பின் வலக்காது, அடுத்து இடக்காது. பலர் கையை நீட்டிய வேகத்தில் எழுந்துவிடுவதால் காதுகள் கணக்கில் வருவதே இல்லை.

தலை, இரு கை, இரு முழந்தாள் பட வணங்குவது பஞ்சாங்க நமஸ்காரம். பெண்களுக்கு விதித்தது இதுதான். மண்டியிட்டு நெற்றியை நிலத்தில் வைத்தவர் படத்துக்கும் இதுவே பொருந்தும். ‘நமஸ்காரம்’ என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். வாசகர் ராகுகாலம் தேடப் போய்விடுவார்.

‘கருவறை முன் சாஷ்டாங்கமாக விழுந்தார்’ என்ற வரியும் இடிக்கிறது. விழுந்து வணங்கும் இடம் கொடிமரத்துக்கு வெளிப்புறம். அங்கும் திசை உண்டு. சந்நிதி கிழக்கோ மேற்கோ பார்த்திருந்தால் வடக்கே தலைவைக்க வேண்டும்; தெற்கோ வடக்கோ பார்த்திருந்தால் கிழக்கே. மயிலாப்பூரில் கபாலீசுவரர் மேற்கே பார்த்தவர், ஆகவே தலை வடக்கே, கால் தெற்கே. சந்நிதியை நோக்கித் தலைவைத்துக் கிடப்பவர்களைத்தான் தினமும் பார்க்கிறோம்.

‘வணங்கினார்’ என்பது எதற்கும் பொருந்தும். வணங்குதல் என்றாலே வளைதல்தானே. வில் வளைவதைக் குறள் 827 ‘வில்வணக்கம்’ என்கிறது. கை மட்டும் குவித்தவருக்குக் ‘கும்பிட்டார்’ போதும்.

கடைசியாக, மெய்ப்புத் திருத்துவோருக்கு. தண்டம் என்றால் கோல். கோல்போல் நெடுக விழுவது தண்டனிடுதல். ‘குருவைத் தண்டனிட்டார்’ என்பதில் ஓர் ‘ஐ’ நுழைந்து ‘தண்டனையிட்டார்’ ஆனால், சீடர் குருவைச் சிறைக்கு அனுப்பியதாகிவிடும்.

வாசகர்,
மயிலாப்பூர், சென்னை-4